கல்தூள்–ரெசின் வார்ப்பில் குறுநார்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

கோவையின் கணபதி, பீளமேடு, குறிச்சி வட்டாரப் பட்டறைகளில் சிறிய இயந்திரங்களுக்கான அடிப்பீடத்தை வார்ப்பிரும்புக்குப் பதிலாகக் கல்தூளும் எபாக்சி ரெசினும் கலந்து வார்த்துப் பார்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த வார்ப்பு அதிர்வை வார்ப்பிரும்பைவிடப் பல மடங்கு நன்றாக உறிஞ்சும். ஒரு கன சென்டிமீட்டருக்கு இரும்பு 7.2 கிராம் எடை என்றால் இது 2.3 கிராம் அளவில்தான் நிற்கும். ஆனால் அழுத்தத்தைத் தாங்கும் அளவுக்கு இது வளைப்பையும் இழுப்பையும் தாங்காது. தாங்காதபோது முன்னறிவிப்பு இல்லாமல் சட்டென்று உடையும். அந்தக் குறையைத் தீர்க்கத்தான் சில மி.மீ. நீளமுள்ள கண்ணாடி நாரையோ தேங்காய் நாரையோ சேர்க்கிறோம். சேர்த்த பிறகு வார்ப்பு முன்பைவிட மோசமாகிவிட்டது என்று சொல்பவர்களே அதிகம், அவர்கள் சொல்வதும் உண்மைதான். கல் துகள்கள் ஒன்றோடொன்று நெருங்கி அமர்வதால் வருவதே இந்த வார்ப்பின் உறுதி; நார் அந்த நெருக்கத்துக்குள் புகுந்து இடம் கேட்கிறது. கீழே வரும் பிழைகளில் பெரும்பாலானவை அந்த இடத்தை நாம் கணக்கில் எடுக்காததால் வருபவை.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு அடிப்படைக் கலவை வேண்டும். நான் வைத்திருப்பது 10 கிலோ அளவுக்கானது: 1.18 முதல் 2.36 மி.மீ. வரையுள்ள கருங்கல் குருணை 4.2 கிலோ, 0.3 முதல் 0.6 மி.மீ. வரையுள்ள எம்-சாண்ட் 2.4 கிலோ, 150 மைக்ரான் சல்லடையில் இறங்கிய கல்தூள் 2 கிலோ, எல்.ஒய். 556 என்ற எபாக்சி ரெசின் 1,273 கிராம், அதை இறுக வைக்கும் எச்.ஒய். 951 ஹார்டனர் 127 கிராம். காற்றே இல்லாமல் அமர்ந்தால் இதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.24 கிராம் வரும். நார் சேர்க்கும்போது அதே எடைக்கு எம்-சாண்டைக் குறைத்துக்கொள்கிறேன். எந்தப் பிழையை ஆராயத் தொடங்கினாலும், அதே நாளில், அதே மூட்டைக் கல்லில், நார் இல்லாத ஒரு சட்டத்தையும் வார்த்து வையுங்கள். அந்தச் சட்டத்திலும் அதே பிழை இருந்தால் நாரின் மேல் பழி போடுவதை நிறுத்திவிட்டுக் கல்லையும் ரெசினையும் பார்க்க வேண்டும்.

கல்தூளைச் சலிக்கும்போதும், இறுகிய வார்ப்பை அறுக்கும்போதும் எழும் நுண்தூசியில் சிலிக்கா உண்டு. துணி முகமூடி அதைத் தடுக்காது. துகள் வடிகட்டும் சுவாசக் கவசமும், அறுக்கையில் தண்ணீரும் கட்டாயம்.

அறிகுறி: கலக்கும்போது நார் உருண்டை உருண்டையாகக் கட்டிக்கொள்கிறது

"அண்ணா, கலவை கட்டுதுங்க" என்று கலக்குகிற தம்பி குரல் கொடுக்கும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். அதற்கு மேல் எவ்வளவு கலக்கினாலும் உருண்டை இறுகுமே தவிர அவிழாது. ஆகவே இந்தப் பிழையை அடுத்த கலவையில்தான் திருத்த முடியும்.

முதலில் நாரின் நீளத்தைப் பாருங்கள். 13 மைக்ரான் தடிமனும் 12 மி.மீ. நீளமும் கொண்ட இழை, தன் தடிமனைப் போல் தொள்ளாயிரம் மடங்குக்கு மேல் நீண்டது. அப்படிப்பட்ட இழைகள் கல்லும் குருணையும் நிறைந்த குழம்பில் ஒன்றையொன்று பின்னிக்கொள்வது தவிர்க்க முடியாதது. நீளம் கூடினால் பிடிப்பு கூடும் என்ற எண்ணத்தில்தான் பலரும் 12 மி.மீ. நாரை வாங்குகிறார்கள். கணக்குப் போட்டால் அவ்வளவு நீளம் தேவையில்லை என்று தெரியும். இழையின் இழுவலிமையை அதன் தடிமனால் பெருக்கி, ரெசின் பிடிப்பு வலிமையின் இரு மடங்கால் வகுத்தால், இழை உருவிக்கொண்டு வராமல் தன் முழு வலிமையைக் காட்டுவதற்குத் தேவையான குறைந்தபட்ச நீளம் கிடைக்கும். கண்ணாடி இழைக்கு 2,000 மெகாபாஸ்கல் இழுவலிமை, 20 மெகாபாஸ்கல் பிடிப்பு என்று வைத்துக்கொண்டால் விடை 0.65 மி.மீ.தான். 3 மி.மீ. நாரே அதைப் போல் நான்கு மடங்குக்கு மேல் நீளமானது. குருணையின் பெரிய கல் 2.36 மி.மீ. என்பதால், ஒரு கல்லைத் தாண்டி மறுபக்கம் பிடிக்க 6 மி.மீ. வரை போகலாம்; அதற்கு மேல் வேண்டாம்.

இரண்டாவது, சேர்க்கும் வரிசை. உலர்ந்த கல்லில் நாரைத் தூவிவிட்டு ரெசினை ஊற்றினால் உருண்டை கட்டும். ரெசினும் ஹார்டனரும் கலந்த பிறகு முதலில் நுண்தூளில் பாதியைப் போட்டுக் குழம்பாக்கி, அதில் நாரைக் கைப்பிடி கைப்பிடியாகத் தூவி, வேகம் குறைந்த கலப்பியால் ஒவ்வொரு கைப்பிடியும் மறைந்த பிறகே அடுத்ததைப் போட வேண்டும். பிறகு மீதித் தூள், அடுத்து எம்-சாண்ட், கடைசியில் குருணை. இழைகளுக்கு நடுவே புகுந்து அவற்றைப் பிரித்து வைப்பது நுண்தூள்தான். குருணையை முதலில் போட்டால் அது நாரை நசுக்கி ஒடித்துவிடும்.

மூன்றாவது காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு நெடுநாள் ஆயிற்று. எஃப்.ஆர்.பி. (கண்ணாடி நார் இட்ட பிளாஸ்டிக்) வேலை செய்யும் பட்டறைகளில் மிஞ்சும் கண்ணாடி நார்ப் பாயின் துண்டுகளை இலவசமாகவே கொடுப்பார்கள். அதைப் பிய்த்துப் போட்டால் பாலியெஸ்டர் ரெசினில் நன்றாகவே கரைந்து பிரியும். எபாக்சியில் அப்படியே கட்டியாக நிற்கும். பாயை ஒட்ட வைத்திருக்கும் பசை, பாலியெஸ்டரில் இருக்கும் ஸ்டைரீன் என்ற கரைப்பானில் கரைவதற்காகவே செய்யப்பட்டது, எபாக்சியில் ஸ்டைரீன் கிடையாது. எபாக்சிக்கு, எபாக்சிக்கு ஏற்ற பூச்சுள்ள நறுக்கிய நார் என்று கேட்டு வாங்க வேண்டும். சிமெண்டுக்காக விற்கும் கண்ணாடி நாரும் இதே காரணத்தால் உதவாது. அதன் பூச்சு தண்ணீரில் பிரிவதற்கானது.

அறிகுறி: கலவை வறண்டு நிற்கிறது, அச்சின் மூலைக்குப் போகவில்லை, கழற்றினால் ஊசித்துளைகள்

நார் எடுத்துக்கொண்ட இடத்துக்கு ஈடாக ரெசினைக் கூட்டாததே இதற்கு முதற்காரணம். எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதை ஊகத்துக்கு விடாமல் தராசிலேயே அறியலாம். ஒரு லிட்டர் கொள்ளும் பாத்திரத்தில் ரெசின் இல்லாத உலர் கலவையை நிரப்பி, அதிர்வு மேசையில் வைத்து இனி இறங்காது என்னும் வரை நிரப்பிக்கொண்டே வந்து, மட்டம் தட்டி எடை போடுங்கள். எடை 1.93 கிலோ என்றால், கல்லின் அடர்த்தி 2.65 என்பதால், கல் 73 சதம், வெற்றிடம் 27 சதம். நார் சேர்த்த உலர் கலவை அதே பாத்திரத்தில் 1.82 கிலோதான் நின்றால் வெற்றிடம் 31 சதமாகிவிட்டது. அந்த நான்கு சதத்தையும் ரெசின்தான் நிரப்பியாக வேண்டும். இல்லையென்றால் காற்று நிரப்பும். 100 கிராம் கண்ணாடி நாரின் சொந்தக் கனஅளவு 39 கன சென்டிமீட்டர்தான் என்றாலும், அது கற்களை விலக்கி நிறுத்துவதால் உண்டாகும் வெற்றிடம் அதைவிட மிகப் பெரிது. நாரை எடையில் ஒரு சதத்துக்கு மேல் கூட்டும் ஆசை வரும்போதெல்லாம் இந்தச் சோதனையைச் செய்து பார்ப்பது நல்லது.

இரண்டாவது காரணம் தூளின் நுண்மை. காரணம்பேட்டைப் பக்கத்துக் கிரஷர்களிலிருந்து வரும் தூளில் ஒரு லோடுக்கும் இன்னொரு லோடுக்கும் நுண்துகளின் அளவு மாறும். 75 மைக்ரான் துகள்கள் கொண்ட ஒரு கிராம் தூளின் மேற்பரப்பைவிட 13 மைக்ரான் கண்ணாடி இழை ஒரு கிராமுக்கு நான்கு மடங்கு மேற்பரப்பு உண்டு. 10 மைக்ரான் துகள்களோ அந்த இழையையும் விஞ்சி, ஏறத்தாழ அதன் இரு மடங்கு மேற்பரப்புக் கொண்டவை. ஆகவே நாரின் அளவை மாற்றாதபோதும் கலவை திடீரென்று வறண்டால், தூளை 75 மைக்ரான் சல்லடையில் போட்டு எவ்வளவு இறங்குகிறது என்று பழைய லோடோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ரெசினின் பாகுத்தன்மை மூன்றாவது. எல்.ஒய். 556 அறை வெப்பத்தில் தேனைப் போல் கெட்டியானது. ஹார்டனர் சேர்ப்பதற்கு முன் வெந்நீர்த் தொட்டியில் வைத்து 40 டிகிரி வரை சூடாக்கினால் நாருக்குள் விரைவாக ஊடுருவும். ஆனால் கலந்த பிறகு கிடைக்கும் வேலை நேரம் பத்து டிகிரிக்கு ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பதை மறக்கக் கூடாது. பாகுத்தன்மையைக் குறைக்கத் தின்னர் ஊற்றும் பழக்கத்தை நான் முழுவதுமாக எதிர்க்கிறேன். அது வார்ப்புக்குள் சிக்கிக்கொண்டு, இறுகிய பிறகும் மாதக்கணக்கில் மெதுவாக வெளியேறிச் சுருக்கத்தையும் மென்மையையும் கொடுக்கும்.

திருத்தியது பலித்ததா என்பதற்கு ஒரு துண்டை அறுத்துக் காற்றிலும் தண்ணீரிலும் எடை போட்டு அடர்த்தி காணுங்கள். 2.24 வர வேண்டிய இடத்தில் 2.12 வந்தால் உள்ளே ஐந்து சதத்துக்கு மேல் காற்று இருக்கிறது.

அறிகுறி: நார் இருந்தும் சட்டென்று உடைகிறது

இந்த அறிகுறிக்கு மட்டும் பொறுமையாக நேரம் ஒதுக்க வேண்டும், ஏனென்றால் உடைந்த முகமே காரணத்தைச் சொல்லும். 15 மி.மீ. சதுரமும் 240 மி.மீ. நீளமும் கொண்ட சட்டங்களை வார்த்து, 200 மி.மீ. இடைவெளியில் இரு உருளைகள் மேல் வைத்து, நடுவில் வாளியைத் தொங்கவிட்டு மணலை மெதுவாகக் கொட்டி உடைக்கலாம். ஏறத்தாழ 29 கிலோவில் உடைந்தால் வளைவலிமை 25 மெகாபாஸ்கல். வாளிக்கு அடியில் மரத்தூள் மூட்டை ஒன்றைப் போட்டு வையுங்கள், காலை விலக்கி நில்லுங்கள். உடைந்த முகத்தைக் கையால் தொடாமல், பகல் வெளிச்சத்தில், பத்து மடங்கு பெருக்கும் லென்சால் பார்க்க வேண்டும்.

முகத்தில் தடித்த, வெள்ளையான நார்க்கட்டுகள் சில மி.மீ. நீட்டிக்கொண்டிருந்தால், இழைகள் பிரியாமல் கட்டாகவே இருந்திருக்கின்றன. நறுக்கிய நார் ஒவ்வொன்றும் தனி இழையல்ல. இருநூறு போல இழைகள் சேர்ந்த கட்டு. அந்தக் கட்டின் தடிமன் 0.2 மி.மீ. என்று வைத்து மேலே சொன்ன கணக்கைத் திரும்பப் போட்டால், தேவையான நீளம் 0.65 மி.மீ.யிலிருந்து 10 மி.மீ.க்குத் தாவிவிடும். 6 மி.மீ. கட்டு பிடிக்காமல் உருவிக்கொண்டு வருவது அதனால்தான். உருண்டை கட்டிவிடுமோ என்று அஞ்சிக் கலக்குவதைக் குறைத்தால் இந்தப் பிழை வரும். கட்டுகளைப் பிரிக்க அதிகம் கலக்கினால் முதல் பிழை திரும்பி வரும். இரண்டுக்கும் நடுவே நிற்பதற்கு எனக்குக் கைகொடுத்த வழி, 3 மி.மீ. நாரை நுண்தூள் குழம்பில் மட்டும் நன்றாகப் பிரியும் வரை கலக்கி, குருணை சேர்த்த பிறகு கலப்பியை ஒரு நிமிடத்துக்கு மேல் ஓட்டாமல் நிறுத்துவது. 3 மி.மீ. இழை உருண்டை கட்டுவதற்கு மிகவும் தயங்கும்.

இழைகள் தனித்தனியாகப் பிரிந்து, ஆனால் சுத்தமாகவும் பளபளப்பாகவும் உருவி வந்திருந்தால், ரெசின் நாரை நனைத்தும் ஒட்டவில்லை. நாரின் பூச்சு ரெசினுக்குப் பொருந்தாதது, அல்லது நார் மூட்டை திறந்தபடி கிடந்து ஈரம் ஏறியது என்ற இரண்டில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணம். கல்லும் இதே போல் சுத்தமாக விடுபட்டுக் குழி தெரிந்தால், கல்லுக்கும் சிலேன் பூச்சு (கல்லையும் ரெசினையும் பிணைக்கும் வேதிப்பூச்சு) தேவை. எபாக்சிக்கு அமினோ சிலேன், பாலியெஸ்டருக்கு மெத்தாக்ரிலேட் வகைச் சிலேன் என்று வேறுபாடு உண்டு. இது கருங்கல்லிலும் குவார்ட்சிலும்தான் பலன் தரும். மதுக்கரை, சங்ககிரிப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் தூளில் சிலேன் பிடிப்பதற்கான சிலிக்கா மேற்பரப்பு இல்லாததால் செலவுதான் மிஞ்சும்.

முகத்தில் நாரே காணாமல் வெறும் ரெசின் பளபளத்தால் நார் அந்த இடத்துக்குப் போய்ச் சேரவே இல்லை. சந்தேகம் இருந்தால் ஒரு துண்டைத் திறந்த வெளியில், புகை யார் மேலும் படாதபடி, உலையில் 550 முதல் 600 டிகிரியில் எரித்துவிடுங்கள். ரெசின் போய்விடும், கருங்கல்லும் கண்ணாடி நாரும் நிற்கும். சட்டத்தின் மேல், நடு, கீழ்ப் பகுதிகளைத் தனித்தனியாக எரித்தால் நார் எங்கே குவிந்தது என்பது கண்ணுக்கே தெரியும்.

இழைகள் குட்டையாக ஒடிந்து நின்றும், உடைவு மெதுவாக விரிசலாகத் தொடங்கி, சட்டம் இரண்டு துண்டாக விழாமல் சற்று நேரம் தொங்கியும் இருந்தால் அங்கே பிழை இல்லை. நாரிடமிருந்து நாம் கேட்க வேண்டியது அதுதான்.

அறிகுறி: நார் சேர்த்தும் விறைப்பு கூடவில்லை

விறைப்பு கூடப் போவதில்லை. ஒரு சத எடைக்குச் சேர்த்த கண்ணாடி நார் கனஅளவில் 0.9 சதம்தான், நாலா திசையிலும் சிதறிக் கிடப்பதால் அதில் ஐந்தில் ஒரு பங்குதான் வளைப்பின் திசையில் உதவுகிறது. 72 ஜிகாபாஸ்கல் விறைப்புள்ள கண்ணாடி இந்தக் கணக்கில் 0.13 ஜிகாபாஸ்கலைத்தான் சேர்க்கிறது. 28 ஜிகாபாஸ்கல் போல் இருக்கும் வார்ப்பில் கலவையோடு உள்ளே போகும் ஒரு சதக் காற்று அதைப் போல் நான்கு மடங்கைத் தின்றுவிடும். தேங்காய் நாரின் விறைப்பு 4 முதல் 6 ஜிகாபாஸ்கல்தான் என்பதால் அது கல்லின் இடத்தில் உட்காரும்போது விறைப்பைக் குறைக்கவே செய்யும். விறைப்பு வேண்டுமென்றால் கல்லின் அடுக்கை நெருக்கமாக்குங்கள், அல்லது பீடத்தின் உயரத்தைக் கூட்டுங்கள். விரிசல் ஓடாமல் பிடித்து நிறுத்துவதற்கு நாரைக் கேளுங்கள்.

அறிகுறி: மேற்பரப்பு பிசுபிசுக்கிறது, அல்லது உள்ளே இறுகவில்லை

மேலே மட்டும் எண்ணெய் போன்ற படலம் இருந்து, உள்ளே நகத்தால் கீற முடியாத அளவுக்கு இறுகியிருந்தால், அது ஹார்டனரிலுள்ள அமீன் என்ற வேதிப்பொருள் காற்றிலுள்ள ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து உண்டாக்கிய படிவு. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று ஈரத்தை அள்ளிக்கொண்டு வரும் நாட்களில் பொள்ளாச்சியிலும் கோவையிலும் இதை எதிர்பார்த்தே இருக்க வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவினால் போய்விடும். தின்னர் போட்டுத் துடைத்தால் படலம் பரவுமே ஒழிய நீங்காது. கழுவாமல் அதன் மேல் இன்னொரு அடுக்கு வார்த்தால் இரண்டும் ஒட்டாது. அச்சின் வாயை பாலித்தீன் தாளால் மூடி வைப்பது போதுமான தடுப்பு.

முழுதும் மென்மையாக இருந்தால் அளவில் தவறு. ஹார்டனரைக் கூடுதலாக ஊற்றினால் சீக்கிரம் இறுகும் என்பது பாலியெஸ்டர் வேலையிலிருந்து வந்த பழக்கம்; எபாக்சியில் மிஞ்சும் ஹார்டனர் இணை கிடைக்காமல் உள்ளேயே தங்கி வார்ப்பை மென்மையாக்கும். நூற்றுக்குப் பத்து என்பதை எடையில் நிறுக்க வேண்டும், மூடியால் அளக்கக் கூடாது. அளவு சரியாக இருந்தும் திட்டுத்திட்டாக மென்மை இருந்தால் கல்லின் ஈரத்தைச் சோதியுங்கள். ஒரு முறை, கழுவிய எம்-சாண்டை உலர்ந்தது என்று சொல்லி ஒருவர் அனுப்பினார். மேல் மூட்டை உலர்ந்துதான் இருந்தது, கீழ் மூட்டைகள் உள்ளே குளிர்ந்து கிடந்தன. நான் சோதிக்காமல் நாற்பது கிலோ வார்த்து, நாற்பதையும் உடைத்துக் கொட்டினேன். அன்றிலிருந்து ஒவ்வொரு மூட்டையிலும் நூறு கிராம் எடுத்து 110 டிகிரியில் உலர்த்தித் திரும்ப நிறுக்கிறேன். அரை கிராம் குறைந்தாலே அந்த மூட்டை இரும்புத் தட்டில் வறுபட்டு, முழுவதும் ஆறிய பிறகுதான் கலவைக்குப் போகும்.

பாலியெஸ்டர் பயன்படுத்துபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. எம்.இ.கே.பி. வினையூக்கியையும் கோபால்ட் முடுக்கியையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றாக ஊற்றாதீர்கள், வெடிக்கும். கோபால்ட்டை ரெசினில் முழுதாகக் கலந்த பிறகே வினையூக்கி சேர வேண்டும்.

அறிகுறி: இறுகும்போது புகைகிறது, நடுவில் விரிசல் விடுகிறது

சித்திரை, வைகாசியில் ஈரோட்டிலும் கரூரிலும் நண்பகலில் வார்த்தால் இது நடக்கும். கல் நிறைந்த கலவையில் கல்லே வெப்பத்தை வாங்கிக்கொள்வதால் ரெசின் மட்டும் உள்ள வாளியைவிட ஆபத்து குறைவு. ஆகவே புகை பெரும்பாலும் கலக்கும் வாளியில்தான் தொடங்கும். ஹார்டனர் கலந்த ரெசினை வாளியில் காத்திருக்க விடாமல் உடனே தூளில் கொட்டுங்கள், விடியற்காலையில் வார்த்துவிடுங்கள், தடித்த பீடத்தை இரண்டு மூன்று அடுக்காகப் பிரித்து, கீழ் அடுக்கு இறுகத் தொடங்கி இன்னும் ஒட்டும் தன்மையோடு இருக்கும்போதே அடுத்ததை ஊற்றுங்கள்.

அறிகுறி: நார் மேலே மிதந்து வருகிறது, தகடு வளைகிறது

கண்ணாடி நாரின் அடர்த்தி கல்லுக்கு நெருக்கமானது, அது மிதக்காது. தேங்காய் நார் 1.2, பாலிப்ரொப்பிலீன் நார் 0.91 என்பதால் அதிர்வு மேசையில் நெடுநேரம் விட்டால் கல் கீழிறங்கி நார் மேலேறும். மேலே நாரும் ரெசினும் மிகுந்த அடுக்கு கீழடுக்கைவிட அதிகம் சுருங்குவதால் தகடு மேல்நோக்கிக் குழிந்து வளையும். குமிழிகள் வருவது நின்றதும் அதிர்வையும் நிறுத்துங்கள். அதற்கு மேல் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் கலவையைப் பிரிக்கத்தான் செய்யும். வளைந்த தகட்டைச் சூடாக்கி நிமிர்த்துவது நிலைக்காது.

அறிகுறி: தேங்காய் நார் வார்ப்பில் நுரை, பிறகு உப்பல்

பொள்ளாச்சி நார் ஆலைகளில் பழுப்பு நார் மலிவாகக் கிடைக்கிறது, அதை நல்ல வேலைக்குக் கொண்டுவர வேண்டும் என்ற விருப்பம் எனக்கும் உண்டு. ஆனால் சாதாரணக் காற்றிலேயே அது எடையில் பத்து சதம் போல் ஈரம் ஏந்தி நிற்கும். அந்த ஈரம்தான் நுரை. ஐந்து சதக் காஸ்டிக் சோடாக் கரைசலில், கையுறை அணிந்து, சில மணி நேரம் ஊறவைத்து, தண்ணீர் தெளியும் வரை அலசி, கடைசி அலசலில் சிறிது வினிகர் விட்டு, 80 டிகிரியில் எடை குறைவது நிற்கும் வரை உலர்த்தினால், நாரின் மேலுள்ள மெழுகும் ஒட்டியிருக்கும் நார்த்தூளும் நீங்கி ரெசின் பிடிக்கும் சொரசொரப்பு வரும். நறுக்கும் நீளம் 6 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும், 0.2 மி.மீ. தடித்த நாருக்கு 3 மி.மீ. போதாது. உலர்த்திய நார் அன்றே பயன்பட வேண்டும், மறுநாள் வரை வைத்தால் ஈரம் திரும்ப ஏறிவிடும்.

சில மாதங்களில் உப்பலும் கறுத்த புள்ளிகளும் தோன்றினால், அறுத்த முகத்தில் வெளியே தெரியும் நார் நுனிகள் தண்ணீரை உறிஞ்சுகின்றன. அறுத்த முகங்களையெல்லாம் ரெசினால் பூசி அடைக்க வேண்டும். கூலண்ட் (வெட்டும்போது ஊற்றும் குளிர்விப்புத் திரவம்) தெறிக்கும் இடத்துக்கு இந்த நாரைப் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது. அங்கே கண்ணாடி நாரையே வையுங்கள்.

அறிகுறி: உள்ளே பதித்த திருகுமரை நட்டு கழன்று வருகிறது

நட்டைச் சுற்றி நார் வேலியாக நின்று குருணையைத் தடுத்திருக்கும், அங்கே ரெசினும் காற்றும் மட்டும் சேர்ந்திருக்கும். பதிக்கும் நட்டுகளை எண்ணெய் போகக் கழுவி, மேற்பரப்பைக் கரடாக்கி, நார் இல்லாத கலவையை முதலில் அவற்றைச் சுற்றி இரண்டு விரல் தடிமனுக்குக் கையால் அடைத்து, அது ஈரமாக இருக்கும்போதே நார்க் கலவையை ஊற்றுங்கள். மரை வழியாகக் கலவை புகாமல் இருக்க, கிரீஸ் தடவிய போல்ட்டை நட்டில் முன்பே திருகி வைத்துவிட்டு, கலவை இறுகி மறுநாள் ஆன பிறகு கழற்றலாம்.